தவறணையின் அமைதி

"தம்பி, சத்தம் சந்தடி இல்லாத இடம். சண்டை இல்லை, தூஷணம் இல்லை. வாவிக் காற்று வரும். ஒருநாள் வந்துதான் பாருங்களன்" என்று என்னை அழைத்தவர், எம் பாடசாலையில் நெடுங்காலம் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற பெரியவர். என்னினும் முப்பது வயது மூத்தவர். அவர் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாதவன் நான். அவர் குறிப்பிட்டது, மட்டக்களப்பு வாவியின் படுவான்கரையில், தென்னைகளுக்கிடையே கிடுகு வேய்ந்து நிற்கும் ஒரு சிறு கள்ளுத் தவறணையை.

அழைப்புச் சிறிது. அது என்னுள் எழுப்பிய கேள்வியோ பல நாள் நீங்கவில்லை. இத்தகைய இடம் போகத் தகுந்ததா என்று கேட்போர், கள்ளில் தண்ணீர் கலக்கிறார்களா, விலை நியாயமா, கூடுகின்ற ஆட்கள் எப்படிப்பட்டவர்கள் என்றே விசாரிப்பர். பெரியவரும் இவற்றுக்கெல்லாம் திருப்தியான விடைகளை வைத்திருந்தார். அவற்றுள் முதன்மையானது அமைதி. அமைதி ஓர் இடத்துக்குச் சிறப்பாகுமா, அது யாருடைய உழைப்பால், யாருடைய செலவில் கிடைக்கிறது என்பதை ஆராயாமல் அப்படி ஏற்றுக்கொள்ளலாமா என்பதே என் ஐயம்.

ஆசிரியன் தவறணைக்குப் போகலாகாது என்பது எளிய விடை. ஊரும் அதையே சொல்லும். ஆனால் ஊரின் இந்த ஒழுக்கத்தில் ஒரு கள்ளம் இருப்பதை மறைப்பதற்கில்லை. நம்மிடையே கள்ளை இகழ்வோரிற் பலர் உண்மையில் இகழ்வது மரமேறுகிறவனையே. திருமண மண்டபத்தின் பின்னறையில் வெளிநாட்டுப் போத்தலைத் திறப்பவருக்குக் கனவான் என்று பெயர். வயலில் நின்று வந்து ஒரு போத்தல் கள் வாங்குபவனுக்குக் குடிகாரன் என்று பெயர். வெள்ளைக்காரத் துரைமார் வாடிவீடுகளிலும் கழகங்களிலும் தாம் குடித்துக்கொண்டே, எம்மவர் குடிப்பதற்கு 1912ஆம் ஆண்டு மதுவரிச் சட்டத்தை இயற்றினர். அச்சட்டம் குடியைக் கட்டுப்படுத்தியது. அதனினும் கூடுதலாக, குடியிலிருந்து அரசு வருமானம் பெறும் வழியை ஒழுங்குபடுத்தியது. துரைமார் போயினர், சட்டம், திருத்தங்களோடு, இன்றும் இருக்கிறது.

பழந்தமிழரிடம் இந்தக் கூச்சம் இருந்ததில்லை. அதியமானை இழந்த அவ்வையார் புறநானூற்றிலே முதலில் நினைந்து அழுவது, சிறிது கள் கிடைத்தால் அதை அவன் தமக்கே கொடுத்துவிடுவான் என்பதைத்தான். பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் மது விற்கும் இடத்தில் கொடி பறந்தது. நம் தவறணைக்கு இன்று கொடியில்லை. வேலிக்குப் பின்னே ஒளிந்து நிற்கிறது. (போர்த்துக்கேயர் விட்டுப்போன இச்சொல்லுக்குள் 'தவறு' என்ற தமிழ்ச் சொல்லும் ஒலிப்பது தற்செயலே எனினும், வகுப்பில் மாணவர் கேட்டுச் சிரித்ததுண்டு.)

முற்போக்காளர்க்கு உகந்த எளிய விடையும் ஒன்றுண்டு. தவறணை உழைக்கும் மக்களின் மன்றம். அங்கே போவது மக்களோடு இருப்பது என்பது அவ்விடை. இதற்கும் வரலாற்றுச் சான்று உண்டு. ஜெர்மனியில் 1878 முதல் 1890 வரை சோசலிச எதிர்ப்புச் சட்டம் நடைமுறையில் இருந்தபோது, கூட்டம் கூடவும் பத்திரிகை படிக்கவும் தொழிலாளர்க்கு இடம் மறுக்கப்பட்டது. அவர்கள் கூடிப் பேச எஞ்சியிருந்தது மதுக்கடை. அதனாலேயே கார்ல் கவுட்ஸ்கி, மதுவிலக்குப் பேசியோருக்கு எதிராக, அந்தக் கடையைப் பறித்தால் ஜெர்மன் தொழிலாளிக்கு அரசியல் வாழ்வே இல்லாது போகும் என்று வாதிட்டார். கல்லூரிக் காலத்தில் இதை அறிந்தபோது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தவறணைக்குப் போக ஒரு தத்துவம் கிடைத்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

ஆகவே போனேன்.

பெரியவர் சொன்னது முற்றிலும் மெய். ஏழெட்டுப் பேர் வாங்குகளில் அமர்ந்திருந்தனர். வாவி மீது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது; தோணி ஒன்று வலை இழுத்துக்கொண்டிருந்தது. பொரித்த இறால் ஒரு தட்டில் வந்தது. நான் அரைக் கிளாஸ் கள் குடித்தேன். மாலைக் கள்ளாதலால் புளித்திருந்தது. காலையில் இறக்கிய நீர் இனிப்பாக இருக்கும். முட்டியிலே சுண்ணாம்பு பூசாவிட்டால் நேரம் செல்லச் செல்லப் புளித்து வெறியேறும். பெரியவர் நெல் விலையைப் பற்றியும், சுனாமிக்கு முன்பு எழுவான்கரை இருந்த கோலத்தைப் பற்றியும் பேசினார். நல்ல பேச்சு. நான் மகிழ்ந்திருந்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

அப்போதுதான் மூலையில் ஒருவர் எழுந்து நிற்பதைக் கண்டேன். கிளாஸைப் பிடித்த கை முதுகுக்குப் பின்னே இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் தமிழ் படிக்கும் மாணவி ஒருத்தியின் தகப்பனார் அவர். கூலிக்கு வயல் வேலை செய்பவர். "இருங்க, இருங்க" என்றேன். அவர் இருக்கவில்லை. "சேர், நீங்க இருங்க" என்று சொல்லி, மிச்சக் கள்ளை வைத்துவிட்டு, வேலியோரமாக வெளியேறினார். அங்கிருந்த ஒருவரும் எதுவும் பேசவில்லை. அமைதி கெடவில்லை.

அன்று இரவு நெடுநேரம் நான் எண்ணியது அந்த அமைதியைப் பற்றியே. மக்களின் மன்றம் என்று கருதிப் போன இடத்தில், என் வருகையே ஒருவரை அவரது வாங்கிலிருந்து எழுப்பிவிட்டது. நாள் முழுவதும் சேற்றில் நின்றவருக்கு இருக்கக் கிடைத்த ஒரே இடத்தையும், இருக்க ஆயிரம் இடமுள்ள நான் எடுத்துக்கொண்டேன். யாழ்ப்பாணத்தில் 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் தொடங்கிய எழுச்சியும், அதன்பின் தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் நடந்த பிரவேசங்களும், ஒரே வாங்கில் இருந்து ஒரே குவளையில் குடிப்பதற்காக நடந்தவை. சட்டம் அந்த வாங்கைத் திறந்தாலும், உட்கார விடாத ஒன்று இன்னும் நம் உடல்களில் இருக்கிறது. என் உடலிலுந்தான், இல்லையெனில் அவர் எழுந்தபோது நானும் எழுந்திருப்பேன்.

இது ஒரு பாதி. மறு பாதியை அம்மாணவி அறிவாள். அவள் மாதத்திற் பல நாள் பாடசாலைக்கு வருவதில்லை. கேட்டால் அம்மாவுக்குச் சுகமில்லை என்பாள். அம்மா நுண்கடன் எடுத்தவர். வாராவாரம் தவணை கட்ட வேண்டும். தவறணையில் ஒரு சத்தமும் போடாத அந்த மனிதர், அங்கே அடக்கிய சத்தத்தையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோகிறார் என்று அயலார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது உண்மையாயின், பெரியவரும் நானும் காற்று வாங்கி மகிழ்ந்த அமைதிக்கு ஒரு பகுதி விலையை வேறெங்கோ ஒரு பெண் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். ஓரிடம் அமைதியானதா என்று அதன் வாசலுக்குள் நின்று அளக்க முடியாது. அங்கிருந்து புறப்படுகின்றவர்களின் பின்னே, அவர்கள் வீட்டுப் படலை வரை நடந்து பார்க்கவேண்டும்.

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்குப் பத்துக் குறள் வகுத்தார். ஆண்டுதோறும் கற்பிக்கிறேன்; இவ்வாண்டுதான் ஒன்று புலனாயிற்று. அதில் சான்றோர் வருகின்றனர், ஊரார் வருகின்றனர், ஈன்ற தாயும் வருகின்றாள். குடிப்பவனின் மனைவி வரவில்லை, மகளும் வரவில்லை. குடித்தவன் இழக்கும் மதிப்பும் அறிவும் அங்கே நிறுக்கப்படுகின்றன. வீட்டில் அடி வாங்குபவளின் கணக்கு அத்தராசில் ஏறவில்லை. வள்ளுவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் நெடுங்காலமாய் நாமும் அக்கணக்கை எடுக்காமலே உரை எழுதி வந்திருக்கிறோம்.

எம் நாட்டுச் சட்டமும் அவளைக் குடிப்பவளாகவே நினைத்துப் பயந்தது. பெண்களுக்கு மது விற்கலாகாது என்ற 1979ஆம் ஆண்டு விதி 2018 ஜனவரியில் நீக்கப்பட்டது. சில நாட்களுக்குள்ளேயே அப்போதைய ஜனாதிபதியின் பணிப்பால் அந்நீக்கம் மீளப் பெறப்பட்டது. அவள் வாங்குவதைத் தடுக்க விரைந்த அரசு, அவள் வீட்டுக்கு வருவதைத் தடுக்க அவ்வளவு விரையவில்லை. இதற்கு மாறான ஒரு காட்சி 1921இல் ஈரோட்டில் நிகழ்ந்தது. கள்ளுக்கடை மறியலில் பெரியார் சிறை சென்றபோது, நாகம்மையும் கண்ணம்மையும் மறியலை முன்னின்று நடத்தினர். கடைக்குள் இடமில்லாதவர்கள் கடை வாசலில் நின்று பேசினர். பெரியார் தம் தோப்பின் தென்னைகளை வெட்டிச் சாய்த்ததை வியந்து சொல்வோர் பலர். மரத்தை நம்பியிருந்தவன் என்ன ஆனான் என்ற கேள்வியும் எனக்குண்டு; எனவே மரம் வெட்டுவதை நான் விடையாக ஏற்க இயலாது. கள்ளை மூடினால் கசிப்பு வரும் என்பதையும் இப்பகுதியில் வாழும் எவரும் அறிவர்.

மதுவில் தீங்கற்ற அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. என் அரைக் கிளாஸுக்கும் அது பொருந்தும். அதைக் காட்டி நான் தப்பிவிடலாம். உடல் நலம் கருதிப் போகவில்லை என்றால் பெரியவரும் மனம் நோகார். ஆனால் என் தயக்கத்துக்குக் காரணம் என் ஈரல் அன்று.

ஊர் வாசிகசாலை மாலை ஆறு மணிக்குப் பூட்டப்படுகிறது. வயலிலிருந்து ஆட்கள் வருவதும் ஆறு மணிக்கே. அதன் பின்னர் விளக்கெரியும் கூரை, கோயிலை விட்டால், தவறணை ஒன்றுதான். வாசிகசாலையை இரவு ஒன்பது வரை திறந்துவைக்குமாறும், வாசலில் நாலு வாங்கு போடுமாறும் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதினேன். பெரியவர் முதற் கையெழுத்து இட்டார், இட்டபின், "வாசிகசாலைக்கு அந்த மனிசன் வருவாரெண்டு நினைக்கிறீங்களா, தம்பி?" என்று கேட்டார். வரமாட்டார் என்றுதான் நானும் நினைத்தேன், சொல்லவில்லை.

இரண்டாம் கையெழுத்துக்காக நேற்று மாலை அம்மாணவியின் வீட்டுக்குப் போனேன். தகப்பனார் இல்லை. தாயார் படலைக்குள் நின்றபடியே விண்ணப்பத்தை வாங்கி, மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். முழுவதும் கேட்டபின், "பொம்பிளையளும் வரலாமா, சேர்?" என்றார். நான் எழுதியதில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை. திருத்தி எழுதிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லித் தாளை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.