பாடமான பதில்கள்

'ப்ரைமர்' (2004) படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் புதிரைப் பற்றியே பேசுகிறார்கள். எந்த ஆரன் எந்த நாளிலிருந்து வந்தவன் என்று காகிதத்தில் கோடு போட்டுக் கணக்குப் பார்க்கிறார்கள். கணக்கு தீர்ந்ததும் படமும் தீர்ந்துவிடுகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது ஆரனின் காதிலிருக்கும் இயர்போன்.

சுமார் 7,000 டாலர் செலவில் ஷேன் கரூத் எடுத்த 77 நிமிடப் படம். ஆரனாக நடித்ததும் அவரே. நண்பன் ஏபாக டேவிட் ஸல்லிவன். கார் ஷெட்டில் ஏதோ செய்யப்போய் இருவரும் காலத்தில் பின்னோக்கிப் போகும் ஒரு பெட்டியைச் செய்துவிடுகிறார்கள். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து ஏப் இதை முதன்முதலாகச் சொல்ல வருகிறான். ஆரன் சாவதானமாகக் கேட்கிறான். பிறகுதான் தெரிகிறது: இந்த ஆரன் ஏற்கனவே அந்த நாளை வாழ்ந்துவிட்டு வந்தவன். அன்றைய பேச்சுகளின் பதிவைக் காதில் கேட்டபடியே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இந்த நடிப்பைத் தட்டையானது என்பவர்கள் உண்டு. முணுமுணுப்பு, பாதியில் நிற்கும் வாக்கியங்கள், நாம் அங்கே இருப்பதையே மதிக்காத பேச்சு. ஆனால் இயல்பான பேச்சுக்கும் ஒப்பித்த பேச்சுக்கும் அதில் வேற்றுமை தெரியவில்லை என்பதுதான் விஷயம். ஏப் ஏமாந்த இடத்தில் நாமும் ஏமாறுகிறோம்.

ஆரன் பொய் சொன்னானா? அவன் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் ஒருமுறை உண்மையாகப் பேசப்பட்டதுதான். சொற்களில் பொய் இல்லை. ஆனாலும் இது துரோகம். நான் பேசும்போது எதிரிலிருப்பவன் என் சொல்லால் மாறக்கூடும் என்று நம்பித்தான் பேசுகிறேன். அந்தச் சாத்யத்தை ஆரன் ஏபிடமிருந்து பறித்துவிடுகிறான். ஏபுக்கு மிஞ்சுவது நண்பனின் குரல் மட்டுமே.

கடினமான பேச்சுக்கு முன் நாமும் ஒத்திகை பார்ப்பதில்லையா எனலாம். பார்க்கிறோம். ஆனால் மற்றவன் என்ன சொல்வான் என்பது நம் கையில் இல்லை. நம் ஒத்திகை பெரும்பாலும் முதல் வாக்கியத்திலேயே உடைந்துபோகிறது. மேடையிலோ, எதிரே நிற்கும் நடிகனுக்கும் அதே பிரதி தெரியும். ஏபுக்கு எதுவும் தெரியாது.

ஒரு விருந்துக்குத் துப்பாக்கியோடு ஒருவன் வந்துவிடுகிறான். தன் செயல் சரியாக அமையும்வரை ஆரன் அந்த இரவை மீண்டும் மீண்டும் வாழ்கிறான். நன்மை விளைந்திருக்கலாம். முடிவு தெரிந்தவன் காட்டும் தைரியத்தைத் தைரியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏபும் யோக்கியனில்லை. யாருக்கும் சொல்லாமல் இன்னொரு பெட்டியை ஓடவிட்டு வைத்திருந்தவன் அவன்தான். எல்லாவற்றையும் அழிக்க அதில் திரும்பிவந்து, அதே பெஞ்சில் அதே பேச்சைத் தொடங்கப் பார்க்கிறான். முடியாமல் மயங்கிச் சரிகிறான்.

படம் முழுவதிலும் ஒப்பிக்க முடியாமல் போனது அந்த உடல் ஒன்றுதான். நான் அதைத்தான் நம்புகிறேன்.