குற்றம் பிறப்பினதோ?

எம்மூராகிய பாலசமுத்திரத்திற்கு அயலான பழநிப் பகுதியிலும் திண்டுக்கல்லிலும், 1896-இல், கள்ளரது ஊர்க்காவல் கொடுமையாயிற்றென வெகுண்ட குடியானவர் திரண்டு அதனை ஒழித்தனர். காவற்கூலியால் உயிர்வாழ்ந்தார் பிழைப்பிழந்தனர். பின்வந்த 1911-ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டமோ, அவர்தம் பசியை வினவாது, பிறந்த குலத்தையே குற்றமெனப் பதிந்தது. 1920 ஏப்பிரல் 3-இல் பெருங்காமநல்லூரில் அதனை எதிர்த்தோர் துப்பாக்கிக்கு இரையாயினர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல் நீங்கிற்று.

ஆணவமலம் எல்லா உயிர்க்கும் பொதுவென்பது நம் சித்தாந்தம். அதனை ஒரு குலத்தார்க்கே உரித்தாக்குதல் யாங்ஙனம் பொருந்தும்? வறுமை அவரவர் வினைப்பயனெனக் கூறி வாளாவிருப்பார், தம் ஈயாமையும் வினையாதலை மறந்தனர். களவுசெய்தானை ஒறுத்தல் அரசின் கடன்; களவிற்கு வழிகோலும் வறுமையைக் களைதல் நம்மனோர் அனைவர்க்கும் கடன். இதனை மறந்து செய்யும் சிவபூசை நிரம்புமோ? அன்பர்கள் சிந்திப்பாராக.