கேட்பாரில்லாத மணல்

பெங்காலான் பாலாக் கடற்கரையில் தகரக் கொட்டகை போட்டு வியாபாரம் செய்யும் நண்பரொருவர் நம் கடையில் சரக்கெடுப்பவர். கொட்டகையைப் பிரிக்கும்படி நோட்டீஸ் வந்துவிட்டதென்று வருத்தத்தோடு வந்தார். "பத்து வருஷமாக யாரும் கேட்கவில்லையே பாய், இப்போது மட்டும் ஏன்?" என்றார். நமக்கும் மனம் இளகிற்று. அவர் பிழைப்பு அது. ஆயினும், கேட்பாரில்லை என்பதால் பிறர் பொருள் நம் பொருளாகிவிடுமா?

இந்நாட்டுச் சட்டம் இதற்கு விடை சொல்லியிருக்கிறது. அரசாங்க நிலத்தை எத்தனை காலம் அனுபவித்தாலும் அதனால் பாத்தியதை உண்டாகாது என்பது 1965-ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு. கடன் கொடுத்தவர் பத்து வருஷம் வாய் திறக்கவில்லையென்று நம் கணக்குப் புத்தகத்தில் பற்றை அடித்துவிடுகிறோமா? அவரிடமாவது நேரில் போய்த் தள்ளுபடி கேட்கலாம். கடற்கரை விஷயத்தில் யாரிடம் போவது? ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு வந்து கால் நனைக்க இடம் தேடும் தோட்டத் தொழிலாளி, வலையிழுப்பவர், இன்னும் பிறவாத குழந்தை, எல்லாருக்கும் அதில் பங்குண்டு. முட்டையிட வரும் அழுங்காமைக்குங்கூட உண்டென்போம். இரவில் அதன் குஞ்சுகள் கடலின் வெளிச்சத்தை நோக்கி ஓடும். கரையில் விளக்கெரிந்தால் வழி தப்பி நிலத்துப் பக்கம் போய்ச் சாகும்.

நிற்க. "சிறியவனைப் பிடிக்கிறார்கள், பெரியவனை விடுகிறார்கள்" என்றும் நண்பர் சொன்னார். அதைத் தள்ளிவிட முடியாது. பலகைக் கொட்டகை ஒரு காலையில் பிரிந்துவிடும்; மாடிக் கட்டடத்துக்கு வக்கீல் உண்டு. ஆனால் கேரளத்தில், கொச்சியை அடுத்த மரடில் நடந்தது வேறு. காயற்கரையில் கரையோர விதிகளை மீறி எழும்பிய நான்கு அடுக்குமாடித் தொகுதிகளை இடிக்கும்படி இந்திய உச்ச நீதிமன்றம் 2019 மே மாதம் உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அவற்றுக்கு 2006-இல் அனுமதி கொடுத்தது உள்ளூர்ப் பஞ்சாயத்துதான்! 300-க்கு மேற்பட்ட வீடுகள். பலர் நம்பிப் பணம் போட்டு வாங்கியவர்கள். அவர்களுக்கு இடைக்கால நஷ்டஈடாக 25 லட்சம் ரூபாய் வீதம் கொடுக்கும்படி நீதிமன்றம் சொல்லிற்று.

நமக்கு உறுத்துவது அங்கேதான். அஸ்திவாரம் தோண்டிய நாளிலேயே தடுத்திருந்தால் ஒரு குடும்பமும் பெட்டி படுக்கையோடு வெளியேறியிராது. காலந்தாழ்த்தும் அதிகாரியின் மௌனமும் குற்றமே. ஆயினும் அந்த மௌனத்தை நாம் அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளலாமா?

இதை நண்பரிடம் சொல்ல வாயெடுத்தபோது, நம் வாசலில் ஐந்தடிப் பாதையை அடைத்துக்கொண்டிருந்த வெங்காய மூட்டைகள் கண்ணில் பட்டன. ஒரு கிழவி அவற்றைச் சுற்றிச் சாலையில் இறங்கி நடந்தாள். நாமும் பல வருஷமாக அங்கேதான் அடுக்குகிறோம், யாரும் கேட்டதில்லை.

மாற்றிடம் கேட்டு மனு எழுத நண்பருக்கு ஆள் பிடித்துக் கொடுத்தோம். மறுநாள் மூட்டைகளை உள்ளே ஏற்றினோம். கடைக்குள் இப்போது நடக்க இடமில்லை.