பங்கிடுவதும் ஒரு தீர்ப்பே

தவக்காலம் தொடங்கியதும் நம் இல்லங்களில் சிறு உண்டியல்கள் இடம்பெறுகின்றன. பிள்ளைகள் மிட்டாய்க்கு வைத்திருந்த காசை அவற்றில் இடுகிறார்கள். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன் கோயிலில் ஒப்படைக்கிறார்கள். அந்தக் காசு யாரைச் சென்றடைந்தது என்று அவர்கள் கேட்பதில்லை; நாமும் சொல்வதில்லை. பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கற்பித்துவிட்டோம் என்று நிறைவு கொள்கிறோம். உண்மையில் நாம் கற்பித்தது பாதியே. யாருக்குக் கொடுப்பது என்னும் மறுபாதியைப் பெரியவர்களாகிய நாம் நமக்கென்றே வைத்துக்கொண்டோம்.

அமெரிக்காவில் வாழும் யூதர்கள் பலர் அந்த மறுபாதியையும் தம் பிள்ளைகளிடம் ஒப்படைக்கிறார்கள். யூத மரபில் ஆண்பிள்ளை 13 வயதில் திருச்சட்டத்தின் கடமைகளுக்குப் பொறுப்பேற்கிறான். அந்த வயதைக் கடந்த இருபால் பிள்ளைகளும் குழுவாகச் சேர்ந்து, தமக்குக் கிடைத்த அன்பளிப்பில் ஒரு பகுதியையோ பெரியோர் தரும் தொகையையோ பொதுநிதியாக்குகின்றனர். உதவி கோரும் அமைப்புகளின் விண்ணப்பங்களைப் படித்து, நேரில் சென்று பார்த்து, கூடி விவாதித்து, யாருக்கு எவ்வளவு என்று தாங்களே முடிவு செய்கின்றனர். இத்தகைய குழுக்களை இணைப்பதற்கென்றே 2006-இல் அங்கு ஓர் அமைப்பும் ஏற்பட்டது.

இப்பழக்கத்தின் வேர் மிகப் பழையது. அறக்கொடைக்கு எபிரேயர் வழங்கும் சொல் 'செதாக்கா'. நீதி என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. யூதரின் பழஞ்சட்டத் தொகுப்பாகிய மிஷ்னா, ஊர்ப் பொதுநிதியை இருவர் திரட்ட வேண்டும், மூவர் பங்கிட வேண்டும் என்று விதிக்கிறது. ஏன் மூவர்? பண வழக்கைத் தீர்க்க நடுவர் மூவர் தேவை. ஏழைகளுக்குப் பங்கிடுவதும் அத்தகைய வழக்கே என்று அவர்களுடைய அறிஞர்கள் விளக்கினர். 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிடஸ் என்னும் பேரறிஞர், முன்பின் அறியாத ஒருவன் பசி என்று வந்தால் விசாரிக்காமல் உணவளிக்க வேண்டும், உடை கேட்டால் விசாரித்துக் கொடுக்கலாம் என்று வகுத்தார். பசியின் முன் விசாரணைக்கு இடமில்லை. பொதுப் பணத்தில் பொறுப்பின்மைக்கும் இடமில்லை.

இவற்றைப் படித்தபோது என்னுள் ஓர் ஐயம் எழாமல் இல்லை. மீசை அரும்பாத பருவத்தில் ஏழையின் மீது நடுவராக அமர்ந்தால் செருக்கு வளராதா? மறைவாகத் தர்மம் செய்யப் பணித்த ஆண்டவரின் போதனைக்கு இது பொருந்துமா?

பழனி மலையின் கீழ்மலைப் பகுதியில், காப்பித் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு பங்கில் நான் பணியாற்றியபோது இவ்வையத்திற்கு விடை கிடைத்தது. ஒரு தவக்காலத்தில் சேர்ந்த ஒன்பதாயிரம் ரூபாயை இளையோர் மன்றத்தின் முன் வைத்து, "நீங்களே முடிவு செய்யுங்கள்" என்றேன். "சாமி, நீங்களே சொல்லிவிடுங்கள்" என்று கெஞ்சினார்கள். நான் இணங்கவில்லை. மூன்று பெயர்கள் வந்தன. ஒழுகும் கூரையின்கீழ் வாழும் கைம்பெண் ஒருவருக்கே கொடுக்க வேண்டும் என்று ஏறக்குறைய முடிவாயிற்று. அதுவரை வாய் திறவாதிருந்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "சாமி, மூன்று பேரும் கோயில் தெருக்காரர்கள்தானே? தோட்டத்து லைன் வீடுகளில் கஷ்டப்படுகிறவர் ஒருவருமே இல்லையா?"

அவள் கேட்டது இளையோரை. தைத்ததோ என்னை. ஆண்டுக்கணக்காக என் குறிப்பேட்டில் இருந்த பெயர்களெல்லாம் என் கதவைத் தட்ட முடிந்தவர்களின் பெயர்களே. லைன் வீடுகளுக்கு ஒரு மணி நேர நடை. அங்கிருந்து எவரும் தட்டியதில்லை.

மறுவாரம் இருவர் இருவராகச் சென்றார்கள். 1833-இல் பாரிசில் வின்சென்ட் தே பவுல் சபையைத் தோழர்களோடு தொடங்கி ஏழைகளின் வீட்டுப் படியேறிய பிரடெரிக் ஓசானாமுக்கும் அன்று வயது 20தான். கால் முறிந்து, கூலியிழந்து, இரு குழந்தைகளோடு படுத்திருந்த காப்பி பறிக்கும் தாய் ஒருத்தியை நம் இளையோர் கண்டார்கள். பணம் அவளுக்குச் சென்றது. கூரை ஒழுகும் அம்மையாரிடம் 'இல்லை' என்று சொல்ல வேண்டியிருந்தது. "நான் சொல்கிறேன்" என்றேன். "முடிவெடுத்தது நாங்கள், நாங்களே சொல்கிறோம்" என்று சென்றார்கள். அந்த அம்மையார் வரக்காப்பி கொடுத்து அனுப்பினாராம். திரும்பி வந்த ஒருவன் கோயில் படியில் அமர்ந்து அழுதான். ஐப்பசி மழையில் அக்கூரை ஒழுகவே செய்தது. அம்முடிவு சரியா, தவறா என்று என் மனம் இன்றும் வழக்காடுகிறது.

ஆனால் அந்தக் கண்ணீரில் செருக்கில்லை. உண்டியலில் காசிட்டவன் புகழை விரும்பலாம். மறுப்பைச் சுமந்து ஒரு வாசலில் நின்றவன் புகழை நாடான். ஆண்டவர் மறைக்கச் சொன்னது ஆரவாரத்தை, பொறுப்பையன்று.

தொடக்கத் திருச்சபையில் எழுந்த முணுமுணுப்பும் பங்கீட்டைப் பற்றியதே. கிரேக்க மொழி பேசுவோரின் கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் விடுபட்டனர் என்பதைத் திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரம் ஒளிக்காமல் கூறுகிறது. திருத்தூதர்கள் தாமே முடிவு செய்யவில்லை. எழுவரைத் தெரிவு செய்யச் சபையாரிடமே விட்டார்கள். அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள்! விடுபட்டோர் பக்கத்தாரின் கையிலேயே பங்கிடும் அகப்பை கொடுக்கப்பட்டது போலும்.

பிறர் கொடையால் வாழும் ஏழையும் அறக்கொடை அளிக்கக் கடமைப்பட்டவன் என்கிறது யூதச் சட்டம். கொடுக்கும் மாண்பை அவனிடமிருந்து பறிக்க எவருக்கும் உரிமையில்லை. அடுத்த தவக்காலத்தில் அந்த லைன் வீடுகளின் பிள்ளைகள் இருவர் தங்கள் உண்டியல்களோடு வந்து எங்கள் மேசையில் அமர்ந்தார்கள். பெறுவதற்காக வரவில்லை, பங்கிட வந்தார்கள். உங்கள் பங்கில் அந்த மேசையைச் சுற்றி யார் அமர்ந்திருக்கிறார்கள்?