மறுபக்கம் தாங்கிக்கொள்ளும்

காரியம் நல்லபடியாக முடிந்துவிட்டது. யாருக்கும் நஷ்டமில்லை. அப்படியிருக்க, அதில் ஒருவன் தன் பங்கை அரைகுறையாகச் செய்திருந்தால் அது குற்றமா? ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் ஒரு தம்பி இதைக் கேட்டார். "பலனை எதிர்பார்க்காதேன்னுதானே கீதை சொல்லுது, அப்புறம் எப்படிச் செஞ்சா என்னண்ணே?" என்று கூடவே ஒரு கொக்கியும் போட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கென்னவோ அது சிரித்துவிட்டுப் போகிற கேள்வியாகப் படவில்லை.

கிள்ளானில் கார், வேன்களுக்கு வயரிங் செய்வது என் தொழில். அதனால் பதிலை எனக்குப் பழக்கமான இடத்தில், இக்னிஷன் காயிலில் தேடிப் பார்க்கிறேன்.

பேட்டரியின் 12 வோல்ட்டை காயில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி ஸ்பார்க் பிளக்குக்கு அனுப்புகிறது. சாதாரணக் காரில் ஒரு சிலிண்டருக்கு ஒரு பிளக்தான். காயிலில் செருகும் கனெக்டர் லூசானால் எஞ்சின் உதறும், வண்டிக்காரர் மறுநாளே பட்டறை வாசலில் நின்று கத்துவார். கார் பொய் சொல்லாது.

சின்ன விமானம் அப்படியில்லை. வீட்டிலேயே விமானம் கட்டுபவர்கள் அதிகம் விரும்பும் ஆஸ்திரிய எஞ்சின் ரோட்டாக்ஸ் 912. அதில் 4 சிலிண்டர், ஆனால் 8 பிளக். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், தனித்தனியாக இரண்டு இக்னிஷன். ஆகாயத்தில் ஒன்று செத்தால் மற்றது வீடு கொண்டுவந்து சேர்க்கும்.

வீட்டில் விமானம் கட்டுவதா என்று கேட்காதீர்கள். ஆலப்புழையைச் சேர்ந்த அசோக் தாமராக்‌ஷன் இங்கிலாந்தில் கோவிட் முடக்கத்தின்போது ஸ்லிங் டிஎஸ்ஐ என்ற நான்கு பேர் அமரும் விமானத்தைப் பாகங்களாக வரவழைத்துக் கட்டினார். இளைய மகள் தியாவின் பெயரை அதற்கு வைத்து, 2022இல் குடும்பத்தோடு ஐரோப்பாவில் பறந்தார். அதன் எஞ்சினும் ரோட்டாக்ஸ்தான், அதற்கும் இரட்டை இக்னிஷன்தான்.

இப்படிப்பட்ட எஞ்சினில் சூட்டிலும் அதிர்விலும் காயில் கனெக்டர் கெட்டுப்போனால் மாற்றிக் கட்ட வேண்டும். வயரின் தோலை உரிக்கும்போது உள்ளே ஓர் இழைகூட அறுபடக் கூடாது. சரியான அளவு பின், அதற்கென்றே உள்ள கிரிம்ப் கருவி. கையில் கிடைத்த பிளையரால் நசுக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, 'கிளிக்' கேட்கும்வரை கூட்டுக்குள் தள்ளி, வயரின் பாரம் கனெக்டர்மேல் விழாதபடி பக்கத்தில் கட்ட வேண்டும். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் இன்னும் கெட்டிதானே என்று புதுப் பையன்கள் கேட்பார்கள். ஈயம் ஏறிய இடத்தில் வயர் விறைத்துப்போகும். விறைப்பு முடிகிற இடத்தில்தான் அதிர்வு அதை ஒடிக்கும். டேப் சுற்றி முடிப்பது பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, நம் ஆட்களின் தேசியக் கலை அது!

இந்த எட்டில் ஒன்று மோசமாக இருந்தாலும் எஞ்சின் ஓடும். பக்கத்துப் பிளக் தாங்கிக்கொள்ளும். காதுக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் கிளம்புமுன் விமானி 4000 சுற்றில் வைத்து ஒரு பக்க இக்னிஷனை அணைத்துப் பார்க்கிறார், பிறகு மற்றதை. கொஞ்சம் இறங்குவது இயல்பு. 300க்கு மேல் இறங்கினால் பறக்கக் கூடாது. நல்ல பக்கத்தை நிறுத்தினால்தான் கெட்ட பக்கம் வெளியே வரும்.

இதையும் ஏமாற்றலாம். அரைகுறையாக நசுக்கிய பின் தரையில் பாஸாகிவிட்டு, ஒரு மணி நேரம் சூடேறிய பிறகு கைவிடலாம். அதை முன்கூட்டியே அறிந்தவர் ஒருவர்தான், நசுக்கியவர்.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். இரண்டாவது இக்னிஷன் யாரும் எதிர்பாராத ஆபத்துக்காக வைத்தது. தெரிந்தே மோசமாக வேலை செய்தவன் அந்தச் சேமிப்பை முன்னாலேயே தின்றுவிடுகிறான். விமானம் பத்திரமாக இறங்கியதால் அவன் தின்றது இல்லையென்று ஆகிவிடாது.

பலன் விஷயமும் அப்படியே. மோசமான வேலைக்கு நல்ல பலன் வந்துவிடுகிறது, நல்ல வேலை சில நேரம் தோற்கிறது. நம் கையில் இல்லாத அந்தப் பலனைத் தள்ளிவைத்தால் மிச்சமிருப்பது வேலை மட்டும்தான். அதையும் கோட்டைவிட்டால் என்ன இருக்கிறது? பிரிக்பீல்ட்ஸ் ஆசிரமம் யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ அந்த விவேகானந்தர், 1900 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் பேசியபோது, அடையப்போவதில் காட்டும் கவனத்தை வழியிலும் காட்டச் சொன்னார்.

"அவர் பிள்ளைங்க உட்கார்ற விமானம், கவனமாத்தான் கட்டுவாரு" என்றார் தம்பி. உண்மைதான். ஆனால் நான் கட்டும் வேனில் யார் ஏறுவார் என்று எனக்குத் தெரியாது. தன் பிள்ளைக்காக வரும் கவனம் பாசம். முகம் தெரியாதவருக்கும் அதே கவனம் வந்தால்தான் அதைத் தர்மம் என்பேன்.

அதற்காக ஹார்ன் வயரை விமானம்போல் கட்டு என்று சொல்லவில்லை. வாடிக்கையாளர் கையில் இருபது வெள்ளிதான் இருக்கும். "தற்காலிகமா கட்டியிருக்கேன் அங்கிள், அடுத்த மாசம் வந்து மாத்திக்குங்க" என்று சொல்லிச் செய்தால் குறையில்லை. சொல்லாமல் மூடிவிட்டு முழுக் காசு வாங்குவதுதான் தப்பு.

நம் இயக்கத்தில் எத்தனை பிளக் எரிகிறது? தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல், அன்னதானம், சமய வகுப்பு எல்லாம் நடக்கத்தான் செய்கின்றன, படமும் அழகாக வருகிறது. பானை கழுவுவதும் பெயர்ப் பட்டியல் எழுதுவதும் அதே மூன்று பேர். அவர்கள் நன்றாகச் செய்வதாலேயே மற்றவர்கள் செய்யாதது தெரிவதில்லை.

எங்கள் கிளையில் ஒரு யோசனை சொன்னேன்: மாதம் ஒரு ஞாயிறு அந்த மூன்று பேருக்கும் கட்டாய விடுப்பு, என்ன நடக்கிறது என்று பார்ப்போம். செயலாளர் தங்கச்சி அந்த மூவரில் ஒருவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ அன்னிக்கு வாசல் சாவி யார்கிட்ட குடுக்குறதுண்ணே?" என்றார். அங்கிருந்த பதினேழு பேரில் யாரும் கை நீட்டவில்லை.