கைத்தொழிலும் அமானிதமும்: சரிசெய்த வண்டி ஏன் சூடாகிறது?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறேன். புகழ் அனைத்தும் அவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக! அம்மா பஃத்.



கத்திரி வெயில் காலம். நெடுஞ்சாலையில் போகும்போது பாருங்கள், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஓரத்தில் நிற்கும் கார்கள் எத்தனை! தகப்பன் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பார். பெண்களும் குழந்தைகளும் நிழல் தேடி நிற்பார்கள். அந்த வண்டிகளில் சில, இரண்டு நாளைக்கு முன்தான் ஒர்க்ஷாப்பிலிருந்து வெளியே வந்தவை. காசு கொடுத்துச் சரிசெய்த வண்டி, சரியாகச் செய்யாததால் நடுவழியில் நிற்கிறது.

"ஹஜ்ரத், ஜும்ஆ மேடையில் ரேடியேட்டரைப் பற்றிப் பேசுவதா?" என்று யாராவது நினைக்கலாம். நம் ஜமாஅத்தில் மெக்கானிக் இருக்கிறார், எலக்ட்ரீஷியன் இருக்கிறார், தையல்காரர் இருக்கிறார், கொத்தனார் இருக்கிறார். இவர்களின் நாளில் பத்து மணி நேரம் கழிவது தொழிலில்தான். அந்தப் பத்து மணி நேரத்துக்கு மார்க்கம் என்ன சொல்கிறது என்று மேடையில் சொல்லாவிட்டால் வேறு எங்கே சொல்வது?

இரும்பைக் கையாண்ட நபி

ஹழ்ரத் தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்தான் என்று ஸபா அத்தியாயத்தில் சொல்கிறான். அவர்கள் போர்க்கவசம் செய்தார்கள். அங்கே அல்லாஹ் ஒரு கட்டளையையும் சேர்த்தே சொல்கிறான்: கவசத்தின் வளையங்களை அளவோடு, சரியாகப் பொருத்திச் செய்ய வேண்டும். அதோடு, நற்செயல் செய்யுங்கள், நீங்கள் செய்வதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று முடிக்கிறான்.

யோசித்துப் பாருங்கள். வளையம் தளர்ந்தால் அம்பு உள்ளே புகும். இறுகினால் அணிந்தவர் அசைய முடியாது. பாதிக்கப்படுவது செய்தவர் அல்ல, நம்பி அணிந்தவர். அதனால்தான் ஒரு வளையத்தின் அளவைக்கூட அல்லாஹ் வஹீயில் பேசுகிறான். இன்று ஒரு ஹோஸ் கிளிப்பைச் சரியாக இறுக்காமல் வண்டியை வெளியே அனுப்பும் சகோதரர் இந்த இடத்தை ஒரு முறை ஓதிப் பார்க்கட்டும்.

இன்னொரு இடம். ஹழ்ரத் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்தப் பெண் தன் தந்தையிடம் சொன்னபோது, காரணமாக இரண்டு தகுதிகளைச் சொன்னார். ஒன்று வலிமை, மற்றொன்று நம்பகத்தன்மை. முஃபஸ்ஸிர்கள் இதிலிருந்து எடுக்கும் பாடம்: வேலைக்குத் திறமையும் வேண்டும், அமானிதமும் வேண்டும். திறமை இருந்து அமானிதம் இல்லாதவர் ஏமாற்றுவார். அமானிதம் இருந்து திறமை இல்லாதவர் கெடுப்பார். இரண்டிலும் வண்டி நடுவழியில்தான் நிற்கும்.

வைத்தியம் தெரியாமல் வைத்தியம் பார்த்தவர், நேரும் சேதத்துக்குப் பொறுப்பாளி என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூதாவூதில் வருகிறது. ஃபுகஹாக்கள் இந்த அடிப்படையை மற்றத் தொழில்களிலும் கவனித்திருக்கிறார்கள். "எனக்கு இந்த மாடல் பழக்கமில்லை, வேறு இடத்தில் காட்டுங்கள்" என்று சொல்வதில் எந்தக் கேவலமும் இல்லை. அப்படிச் சொல்பவரின் ரிஸ்க்கை அல்லாஹ் குறைத்துவிட மாட்டான்.

ஒரு வழக்கு

சில காலத்துக்கு முன் இரண்டு சகோதரர்கள் ஒரு வழக்கோடு என்னிடம் வந்தார்கள். பெயர் வேண்டாம். ஒருவர் வண்டிக்காரர், மற்றவர் மெக்கானிக். இருவரும் ஒரே ஸஃப்பில் நின்று தொழுபவர்கள். வந்த அன்று இருவரும் ஸலாம் கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

விஷயம் இதுதான். காரில் ரேடியேட்டர் ஒழுகியது. மெக்கானிக் புது ரேடியேட்டர் மாட்டினார். கூலன்ட் ஊற்றியதாக பில்லில் காசு வாங்கினார், ஆனால் ஊற்றியது போர் தண்ணீர். உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றவும் இல்லை. அதற்கு இஞ்சினை ஓடவிட்டு, காற்றுக் குமிழ் வருவது நிற்கும் வரை பொறுத்திருந்து, குறைந்த அளவை மீண்டும் நிரப்ப வேண்டும். அரை மணி நேர வேலை. அவசரத்தில் அதை விட்டுவிட்டார்.

வண்டிக்காரர் குடும்பத்தோடு திருச்சியிலிருந்து மதுரைக்குக் கிளம்பினார். துவரங்குறிச்சி தாண்டியதும் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போனது. நிறுத்தவில்லை. "மேலூர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டினார். மேலூருக்கு முன்பே புகை வந்து வண்டி நின்றது. ஹெட் வளைந்துவிட்டது, ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. ஆயிலில் தண்ணீர் கலந்து பால் போட்ட டீயைப் போல ஆகிவிட்டது.

"முழுச் செலவையும் அவர் தர வேண்டும்" என்றார் வண்டிக்காரர். "முள் சிவப்புக்குப் போன பிறகும் ஓட்டியது யார்?" என்றார் மெக்கானிக். சகோதரர்களே, இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது. இருவருமே தன் பங்கை மட்டும் விட்டுவிட்டுப் பேசினார்கள்.

மார்க்கச் சட்டம் என்ன சொல்கிறது?

அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும் ஹிதாயாவில், வாடகை மற்றும் கூலி பற்றிய பகுதியில், கூலியாளின் பொறுப்பு பற்றித் தனி பாடமே இருக்கிறது. ஒருவரிடம் மட்டும் வேலை செய்பவர் 'அஜீர் காஸ்'. பலருடைய வேலையை எடுத்துச் செய்பவர் 'அஜீர் முஷ்தரக்'. சலவைக்காரர், சாயம் போடுபவர், தையல்காரர் இதற்கு உதாரணம். ஒர்க்ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் இந்த இரண்டாவது வகை.

ஹனஃபி மத்ஹபில் இவரது வேலையினாலேயே பொருள் கெட்டால் அவர் பொறுப்பாளி. துணியை அடித்துத் துவைத்ததில் கிழிந்தால் சலவைக்காரர் ஈடு தர வேண்டும். அவரது செயல் இல்லாமல், அவர் கையில் இருக்கும்போது பொருள் அழிந்தால், இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் அது அமானிதம், ஈடு இல்லை. அவர்களின் மாணவர்கள் இமாம் அபூயூஸுஃப், இமாம் முஹம்மது (ரஹ்) இருவரும், தவிர்க்கவே முடியாத பெருந்தீ போன்றவை தவிர மற்றதில் ஈடு உண்டு என்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் பலமான சொல், வரம்பு மீறலோ கவனக்குறைவோ இருந்தால்தான் ஈடு என்பது. ஆக, கவனக்குறைவு உறுதியானால் ஈடு உண்டு என்பதில் இரண்டு மத்ஹபும் ஒன்றுதான்.

ஹழ்ரத் அலீ (ரலி) அவர்கள் சாயம் போடுபவரையும் பொற்கொல்லரையும் பொறுப்பாளியாக்கி, இப்படிச் செய்தால்தான் மக்கள் சீராவார்கள் என்று காரணம் சொன்னதாகவும் அறிவிக்கப்படுகிறது.

இதை அந்த வழக்கில் வைத்துப் பார்த்தோம். கூலன்ட் காசு, தராத பொருளுக்கு வாங்கிய காசு. அதில் எந்த மத்ஹபிலும் பேச்சுக்கே இடமில்லை, அது ஹராம், திருப்பித் தந்தாக வேண்டும். காற்றை வெளியேற்றாதது மெக்கானிக்கின் குறை. எச்சரிக்கை தெரிந்த பிறகும் ஓட்டியது வண்டிக்காரரின் குறை. சூட்டின் தொடக்கம் ஒருவரால், ஹெட் வளைகிற அளவுக்கு அது முற்றியது மற்றவரால்.

சமாதானமே சிறந்தது என்று அல்லாஹ் நிஸா அத்தியாயத்தில் சொல்கிறானே, அந்த வழியில் பேசி முடித்தார்கள். கூலன்ட் காசு முழுவதும் திரும்பியது. பிரித்து மாட்டும் கூலியை மெக்கானிக் விட்டுக்கொடுத்தார். சாமான் செலவையும் லேத் செலவையும் இருவரும் பாதி பாதி ஏற்றுக்கொண்டார்கள். இது அந்த வழக்குக்கான தீர்வு. உங்கள் வழக்கு வேறு மாதிரி இருக்கலாம், ஆலிம்களிடம் விவரம் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வழியில் சூடானால்

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்பது நபிமொழி, திர்மிதியில் வருகிறது. ஆகவே வண்டி வைத்திருப்பவர்கள் இதை ஞாபகத்தில் வையுங்கள்.

முள் ஏறத் தொடங்கியதும் ஏசியை நிறுத்துங்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு ஹீட்டரை முழுவதும் வையுங்கள். இஞ்சின் சூட்டில் கொஞ்சம் அதன் வழியாக வெளியேறும். உங்களுக்கு வியர்க்கும், பரவாயில்லை. முள் சிவப்பைத் தொட்டால் பாதுகாப்பான ஓரத்தில் உடனே நிறுத்தி இஞ்சினை அணையுங்கள். குடும்பத்தை ரோட்டை விட்டுத் தள்ளி நிற்க வையுங்கள். ஆவி வரும்போது பானெட்டைத் திறக்காதீர்கள். ரேடியேட்டர் மூடியில் கையே வைக்காதீர்கள். உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் இருக்கிறது, 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் விடுபட்டு, கொதித்து முகத்தில் பீய்ச்சும். அரை மணி நேரமாவது பொறுங்கள், தொட்டுப் பார்த்தால் சூடு இல்லாத பிறகுதான் மூடி. சூடான இஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் உலோகம் வெடிக்கக்கூடும். ஆறிய பிறகும் காரணம் தெரியாவிட்டால் கட்டி இழுத்துப் போவதே மலிவு.

ஒர்க்ஷாப்பிலிருந்து எடுத்ததும் நேராக நெடும்பயணம் போகாதீர்கள். உள்ளூரில் ஓட்டிப் பாருங்கள். மறுநாள் காலை இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள். இன்னொன்று, கூலன்ட் பெரும்பாலும் விஷம், நாவுக்கு இனிப்பாகவும் இருக்கும். சிந்தியதைக் கழுவிவிடுங்கள். பிள்ளைகளும் வாயில்லா ஜீவன்களும் நக்கிவிடக் கூடாது.

இதே பொறுமை மனிதனுக்கும் வேண்டும். கோபம் வந்தால் நிற்பவர் உட்காரட்டும் என்றும், உளூச் செய்யட்டும் என்றும் அபூதாவூதில் ஹதீஸ்கள் வருகின்றன. நடுரோட்டில் நின்றபடி மெக்கானிக்குக்குப் போன் போட்டு, அவர் தாயையும் தகப்பனையும் இழுத்துத் திட்டுவது, கொதிக்கும்போது மூடியைத் திறப்பதுதான். ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தலாம். வாயிலிருந்து போன வார்த்தையை எந்த லேத்தில் கொடுப்பீர்கள்? நியாயத்தைக் கேட்பது உங்கள் உரிமை. ஆறிய பிறகு கேளுங்கள்.

ஒட்டகத்தின் குளம்பு

இப்போது இதைவிட ஆபத்தான ஒரு விஷயம். இஞ்சின் ஒரு முறை நன்றாகச் சூடாகிவிட்டால் சிலர் என்ன செய்கிறார்கள்? ஒழுகும் இடத்தை ஏதோ பசை போட்டு அடைக்கிறார்கள், வெளியே பளபளவென்று பாலிஷ் போடுகிறார்கள், ஒன்றுமே நடக்காததுபோல விற்றுவிடுகிறார்கள்.

நபித்தோழர் ஹழ்ரத் வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்களின் சம்பவம் முஸ்னத் அஹ்மதில் வருகிறது. ஒருவர் ஒட்டகம் வாங்கிக்கொண்டு போகிறார். வாஸிலா (ரலி) அவர்கள் கீழாடை இழுபட அவரைப் பின்தொடர்ந்து வருகிறார்கள். இதன் நிலையை உங்களுக்கு விளக்கிச் சொன்னார்களா என்று கேட்கிறார்கள். பார்க்கக் கொழுத்து, ஆரோக்கியமாகத்தானே இருக்கிறது என்கிறார் வாங்கியவர். இறைச்சிக்கா, பயணத்துக்கா என்று கேட்கிறார்கள். ஹஜ்ஜுக்குப் போக என்கிறார். இதன் குளம்பில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். விற்றவர் வருத்தப்பட்டார், என் வியாபாரத்தைக் கெடுக்கிறீர்களே என்று. அப்போது வாஸிலா (ரலி) அவர்கள், குறையைச் சொல்லாமல் விற்பது ஆகுமானதல்ல, அறிந்தவர் அதைச் சொல்லாமல் இருப்பதும் ஆகுமானதல்ல என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துச் சொன்னார்கள்.

கேள்வியைக் கவனித்தீர்களா? இறைச்சிக்கா, பயணத்துக்கா? இறைச்சிக்கு என்றால் குளம்பின் ஓட்டை பெரிய குறையல்ல. பயணத்துக்கு என்றால் பாலைவனத்தில் ஒரு ஹாஜி நின்றுவிடுவார். உங்கள் காரை வாங்குபவரும் தன் பிள்ளைகளை அதில்தான் ஏற்றுவார். புரோக்கர் சகோதரர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அறிந்தவர் சொல்ல வேண்டும் என்பது உங்களையும் சேர்த்துத்தான். உண்மை சொல்லித் தெளிவுபடுத்தினால் வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் பரக்கத் அழிக்கப்படும் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள நபிமொழியின் கருத்து.

வேலை கொடுப்பவர்களுக்கு

ஒரு பக்கத்தை மட்டும் பேசினால் அது நீதியாகாது. மெக்கானிக் 2,000 ரூபாய் சொன்னால், "1,200 தருகிறேன், சாயங்காலத்துக்குள் வண்டி வேண்டும்" என்கிறோம். தரமான சாமான் வேண்டாம், மலிவானதைப் போடு என்கிறோம். பிறகு வண்டி நின்றால் அவரைத் திருடன் என்கிறோம். வேலை முடிந்து மூன்று மாதம் கழித்துத்தான் பாக்கியைக் கொடுக்கிறோம். வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுங்கள் என்பது இப்னுமாஜாவில் வரும் நபிமொழி. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் நானே வாதாடுவேன் என்று அல்லாஹ் சொல்வதாகப் புகாரியில் ஹதீஸ் குத்ஸீ இருக்கிறது. ரப்புல் ஆலமீனே எதிர்த்தரப்பாக நின்றால் யார் தப்ப முடியும்?

மெக்கானிக் சகோதரரே, மலிவான சாமான் போடச் சொன்னால் அதன் விளைவை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பழைய சாமானை மாட்டினால் பழையது என்று சொல்லுங்கள். செய்யாமல் விட்ட வேலை ஞாபகம் வந்தால், "வண்டியைக் கொண்டு வாருங்கள், ஒன்றைப் பார்க்க வேண்டும்" என்று நீங்களே போன் செய்யுங்கள். அந்த ஒரு போன், ஒரு குடும்பத்தின் உயிரைக் காப்பாற்றலாம்.

யா அல்லாஹ்! எங்கள் கைகளின் வேலையில் நேர்மையையும் திறமையையும் தருவாயாக! எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி அதில் பரக்கத் செய்வாயாக! பயணத்தில் இருப்பவர்களைப் பாதுகாப்பாயாக! பணத்தால் பிரிந்த உள்ளங்களை ஒன்று சேர்ப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.