விழுங்குவதும் உமிழ்வதும்

மனிதன் ஒரு செயலைச் செய்யும்பொழுது, அதனைச் செய்யென்று உள்ளிருந்து ஆணையிடுவோன் ஒருவன் உண்டு என்று நம்மவர் பலர் எண்ணி வருகின்றனர். சிலர் அவனை மனம் என்பர்; சிலர் ஆன்மா என்பர்; வேறு சிலர் தலையெழுத்தின்மீது பழியைப் போட்டு அமைவர். தோட்டத்துக் கிராணியாகிய எனக்கு இவ்வெண்ணம் எளிதில் விளங்கக்கூடியதே. காலைப் பெரட்டில் மண்டோர் ஒருவர் நின்று வேலை பிரித்துக் கொடுக்க, மற்றையோர் அதன்படி செல்வதையன்றோ நாடோறும் காண்கின்றேன்? ஆயினும், உயிரின் உள்ளே அத்தகைய மண்டோர் ஒருவர் இருக்கின்றாரா என்பது ஆராய்ந்து காண வேண்டிய விஷயம்.

இவ்வாராய்ச்சியை மனிதனிடம் தொடங்குவது எளிதன்று. அவன் மூளையில் நரம்பணுக்கள் ஏறக்குறைய 8,600 கோடி. அப்ளீசியா எனப் பெயர் பெற்ற கடல் முயலுக்கோ ஏறக்குறைய 20,000 மட்டுமே. அவற்றுட் சில வெறுங் கண்ணுக்கே தெரியுமளவு பெரியவை. நத்தையினத்தைச் சேர்ந்த இப்பிராணி கடற்பாசியைத் தின்று வாழ்வது.

அதன் நாக்கு அரம் போன்றது. பற்கள் வரிசையாய்ப் பதிந்தது. இரு பாதியும் மூடிப் பற்றவும், விரிந்து விடவும் வல்லது. உண்ணுங்கால், நாக்கு விரிந்தபடி முன்னே நீண்டு, பாசியைப் பற்றி மூடிக்கொண்டு பின்னே இழுக்கும். தின்னத்தகாத பொருள் உட்சென்றுவிட்டாலோ, மூடியபடி முன்னே நீண்டு அதனை வெளியே தள்ளி, விரிந்தபடி பின்வாங்கும். நாக்கு ஒன்றே, நீள்வதும் சுருங்குவதும் ஒன்றே. மூடுவது எப்பொழுது என்பதே விழுங்குவதையும் உமிழ்வதையும் வேறாக்குகின்றது. அந்நேரத்தை வகுப்பது தனியொரு அணு அன்று. வாயருகே உள்ள நரம்பு முடிச்சுகளில் பல அணுக்கள் ஒன்றையொன்று தூண்டியும் அடக்கியும் நடத்தும் கூட்டு வேலையே. அம்முடிச்சுகளை உடலினின்றும் பிரித்து உப்புநீரில் இட்டாலும், வாயுமின்றி உணவுமின்றி, அதே தாளம் எழக் காணலாம்.

தொடக்கி வைக்கும் அணுக்கள் சில உண்டே, அவை அரசர் அல்லவோ என்று வினவலாம். நியாயமான வினாவே. ஆனால் அத்தகைய அணு ஒன்றைத் தூண்டினால் விளைவது யாது என்பது, சற்று முன்னர் அக்கூட்டம் எத்தொழிலில் ஈடுபட்டிருந்தது என்பதையும் பொறுத்தது. உமிழ்வதிலேயே ஈடுபட்டிருந்தால், உண்ணென்னும் தூண்டுதலுக்கும் முதலில் உமிழும் போக்கே விடையாக வரும். இவர் எத்தகைய அரசர்!

இனி நம் விஷயத்துக்கு வருவோம். சம்பள நாளில் சம்சுக் கடைக்குச் சென்று மீண்டவர், "மனசு கேட்கவில்லைங்க, ஐயா" என்கின்றார். உள்ளே இருக்கும் மண்டோர் தவறிவிட்டார், தாம் தவறவில்லை என்பது அதன் கருத்து. அப்படி ஒருவர் இல்லையென்றால் குற்றம் யாருடையது? யாருடையதுமன்று என்பார் கூற்றை நான் ஏற்கேன். கடித்தது எந்த ஓரணுவும் அன்று. கடல் முயலே கடித்தது. அவ்வாறே குடித்தவரும் அவரே. ஆயினும், அவரிடம் அப்பழக்கம் ஊன்றியது எவ்வாறு என்னும் வினா எஞ்சுகின்றது.

2002-ஆம் ஆண்டில் பிரெம்ப்ஸ், பைர்ன் முதலிய விஞ்ஞானிகள் ஒரு சோதனையை வெளியிட்டனர். கடல் முயல் தானாகவே கடிக்குந்தோறும், உணவு உட்சென்றதை உணர்த்தும் நரம்பை மின்சாரத்தால் தூண்டினர். அது மேன்மேலும் கடித்தது, மறுநாளும் அவ்வாறே. அதன் பி-51 என்னும் அணு முன்னினும் எளிதில் கிளர்ச்சியுறுவதாயிற்று. அதே தூண்டுதலைக் கடிப்பதோடு சேர்க்காமல் கொடுத்த பிராணிகளிடம் இம்மாறுதல் இல்லை.

குடிகாரரைத் திருத்தப் புகுவோர், கிண்ணம் கையேறிய பின்னரே அறிவுரை கூறுகின்றனர். குடித்த மாலையில் அவருக்கு நண்பர் கூட்டமும், சிரிப்பும், அருகே அமர இடமும் உடனுக்குடன் கிடைக்கின்றன. குடியாமல் வீடு திரும்பிய மாலையில் நாம் அவருக்குக் கொடுத்தது யாது? எங்கள் லயத்தில் நான் கண்டவரை, "பெரிய யோக்கியன் ஆகிவிட்டான்" என்னும் ஏளனமே. அவ்வாறு ஏளனஞ் செய்தவருள் ஒரு சொட்டும் குடியாதவரும் உண்டு.